பாசிக்குள் வாழ்ந்த பெயரில்லாக் குளவி

இன்று காலை உங்கள் பாதத்தை எந்த உயிரின் அருகே ஊன்றினீர்கள் என்று யாராவது கேட்டால், உங்களால் விடை சொல்ல முடியுமா? முடியாதென்றால், காந்தள் சுனையில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்தச் சுனையின் இரு கரைகளிலும் புல்வெளி இருந்தது. முயல்களும் மான்களும் அதை நம்பியே வாழ்ந்தன. அந்த ஆண்டு வெட்டுக்கிளிகள் பெருகின. மேற்குக் கரை மொட்டையாயிற்று. கிழக்குக் கரையில் மட்டும் புல் மிஞ்சியது. அதுவும் போனால் தாய்களுக்குப் பால் வற்றும், குட்டிகள் மடியும்.

விலங்குகள் கிழக்குக் கரை மணலில் சபை கூடின. கூர்மருப்பன் என்னும் காட்டுப்பன்றி தலைமை தாங்கியது.

"என் கண்ணால் பார்த்தேன், ஐயா!" என்று முயல் பதறியது. "மணலில் கிடந்த வெட்டுக்கிளி முட்டைகளைத் துளைத்துக்கொண்டு, கடுகைவிடச் சிறிய கறுப்புப் பூச்சிகள் வந்தன. ஒன்றுக்கும் சிறகில்லை. எல்லாம் பாறையடியில் இருக்கும் பாசிக்குள் போய் ஒளிந்துகொண்டன!"

"சிறகு முளைக்காத வெட்டுக்கிளிக் குஞ்சுகள்தான்!" என்றது மான். "வெட்டுக்கிளி முட்டையிலிருந்து வேறென்ன வரும்? யானையா வரும்?"

சபை சிரித்தது. வெட்டுக்கிளிகளின் தலைவி நெடுங்காலி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பூச்சிகள் யாரென்று அவளுக்குத் தெரியும். தன் முட்டைகள் எத்தனையோ முறை வெறும் கூடாகிப் போனதும் அவளுக்குத் தெரியும். அவள் முன்னே வந்து தலை குனிந்தாள்.

"ஐயா, அவை என் பிள்ளைகளே! எங்கள் கூட்டம் பெருத்துவிட்டது; ஒப்புக்கொள்கிறேன். பாசியைப் பெயர்த்துச் சுனையில் தள்ளிவிடுங்கள். பெற்ற வயிறு எரியும். ஆனாலும் உங்கள் குட்டிகள் பிழைக்கட்டும்!"

"ஆகா! எத்தனை பெரிய தியாகம்!" என்று மான் கண்ணீர் விட்டது. கூர்மருப்பன் உடனே எழுந்து பாறையை நோக்கி நடந்தது; சபையும் பின்தொடர்ந்தது.

பாசிக்கு மேலே ஒரு புதரில் பச்சோந்தி ஒருத்தி இருந்தாள். பெயர் மெல்லியாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் அந்தச் சிறு பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பைக் கேட்டதும் புதரை விட்டு இறங்கலானாள்.

"நாங்கள் எங்கே ஓடுவது, அக்கா?" என்று பாசியிலிருந்து ஒரு பூச்சி கேட்டது. "எங்களுக்கு நடக்க மட்டுமே தெரியும்!"

"ஓட வேண்டாம். என் மூக்கின்மேல் ஏறு. சபைக்குப் போவோம்."

"வழியில் தின்றுவிட மாட்டாயே?"

"உன்னைத் தின்றால், நாக்கை நீட்டிய களைப்புக்குக்கூட நீ ஈடாகமாட்டாய்! ஏறு!"

மெல்லியாள் ஓர் அடி வைத்தாள், ஆடினாள், அடுத்த அடி வைத்தாள். அவள் விரைவு அவ்வளவுதான். ஆனால் அவள் நிற்கவில்லை. பன்றியின் கோரைப்பல் அதற்குள் பாசியில் இறங்கிவிட்டது. ஒரு பெரிய துண்டு பெயர்ந்து சுனையில் விழுந்தது. அடுத்த துண்டின் முன்னே மெல்லியாள் போய் நின்றாள்.

"நிறுத்துங்கள், ஐயா!"

"விலகு! காலையில் பச்சை, மாலையில் பழுப்பு. உன் பேச்சை யார் நம்புவது?"

"என் தோல் மாறும், ஐயா. நான் பார்த்தது மாறாது. புதிய உயிர் ஒன்றைக் கண்டால், அதை விவரித்துப் பெயர் சூட்டும்வரை அதற்குத் தண்டனை இல்லை. இந்தச் சுனையின் வழக்கம் அது. அந்த உரிமையை என் மூக்கின்மேல் இருக்கும் இவளுக்காகக் கேட்கிறேன்!"

வழக்கத்தைச் சொன்னதும் பன்றியின் தலை நிமிர்ந்தது. "சரி, விவரி!"

"சிறகில்லை என்பதைத்தானே எல்லோரும் பார்த்தீர்கள்? இருப்பதைப் பாருங்கள்! இடை நூலாக ஒடுங்கியிருக்கிறது. அது குளவியின் இடை. வயிற்றின் நுனியில் மயிரைவிட மெல்லிய ஊசி இருக்கிறது. இவள் மணலைத் தட்டித் தட்டி வெட்டுக்கிளி முட்டையைத் தேடுவாள். அதைத் துளைத்துத் தன் முட்டையை உள்ளே வைப்பாள். இவள் பிள்ளை அந்தக் கருவை உண்டு வளர்ந்து வெளியே வரும். முயல் பார்த்தது உண்மை, புரிந்துகொண்டது தவறு. மேற்குக் கரையின் பாசி சென்ற கோடையில் காய்ந்தது. இந்தக் குளவிகளும் அங்கே அழிந்தன. இப்போது அங்கே புல் எங்கே?"

"கட்டுக்கதை!" என்று நெடுங்காலி துள்ளினாள். "என் பிள்ளையை நான் அறியமாட்டேனா?"

"நன்றாக அறிவாய், அம்மா! இன்று காலை இந்த மணலில்தானே முட்டையிட்டாய்? இவள் உன் மகளானால், தம்பி தங்கைகளோடு சற்று நேரம் இருக்கட்டும்."

மெல்லியாள் மூக்கை மணலில் வைத்தாள். குளவி இறங்கியது, உணர்கொம்புகளால் மணலைத் தட்டத் தொடங்கியது. தட், தட், தட். குளவி ஓரிடத்தில் நின்றது. நெடுங்காலி பாய்ந்து அந்த மணல்மேல் கவிழ்ந்து படுத்தாள்.

"விரட்டுங்கள் அவளை! ஒரு முட்டையைக்கூட மிச்சம் வைக்கமாட்டாள், பாவி!"



"மகள் என்றாயே?" என்றது கூர்மருப்பன்.

நெடுங்காலி சிறகை விரித்தாள். மேற்குக் கரைக்குப் பறந்தாள். அங்கே தின்ன ஒரு புல்லிதழும் இல்லை.

பன்றி தண்ணீரில் இறங்கியது. மிதந்த பாசித் துண்டை மூக்கால் தள்ளிக் கொண்டுவந்து பாறையடியில் பொருத்தியது. அதிலிருந்து சில குளவிகள் ஊர்ந்து வந்தன. பல வரவில்லை. கூர்மருப்பன் மறுபடியும் தண்ணீரில் இறங்கித் தேடியது; வேறெதுவும் கிடைக்கவில்லை.

"இவளுக்குச் சிறகிலி என்று பெயர் வைப்போம்," என்றது முயல்.

"சிறகு எனக்குத் தேவைப்பட்டதே இல்லை," என்றது குளவி. "இல்லாத ஒன்றை ஏன் என் நெற்றியில் எழுதுகிறீர்கள்?"

"செய்வதைச் சொல்லிப் பெயரிடுங்கள்!" என்றாள் மெல்லியாள்.

"அப்படியானால் இவள் புல்காத்தாள்," என்றது கூர்மருப்பன்.

"உங்கள் புல்லுக்காக நான் எதையும் செய்யவில்லை, ஐயா. என் பிள்ளைகளுக்காகவே செய்கிறேன்."

"இந்தச் சபையில் இன்று எத்தனையோ இனிய பொய்களைக் கேட்டோம். உண்மையைச் சொன்ன உனக்கே அந்தப் பெயர்!"

ஓர் உயிரை ஆராய்ந்து அறியுமுன் அதைப் பகையென்று தீர்ப்பளிப்பவர், தம்மைக் காத்து நிற்கும் துணையைத் தம் கையாலேயே அழித்துவிடுவர்.

ஆகவே, நாளைக்கு என்று தள்ளாதீர்கள்! இன்றே, பொழுது சாய்வதற்குள், உங்கள் வீட்டு வாசலில் ஏதேனும் ஒரு கல்லின் அருகே குனிந்து அமருங்கள். அங்கே ஊரும் ஒரு சிற்றுயிரை, அது என்ன செய்கிறது என்று விளங்கும்வரை பாருங்கள். அதன் பிறகு உங்கள் காலை எடுத்து வையுங்கள்!