பாதி நிறைந்த தொட்டி

மருதப்பன் அந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளோடு ஒன்பது வருடமாகப் பேச்சை அறுத்துக்கொண்டவர். கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து முடித்த பிறகே அவளைப் போய்ப் பார்ப்பது என்று வைராக்கியமாக இருந்தார்.

ஆசிரமத்தின் குரு பூங்கோதை அம்மை. மருதப்பனைவிடப் பத்து வயது இளையவர்.

அன்று காலை விருந்தினர் கழிப்பறையைக் கழுவுவது மருதப்பன் முறை. வெஸ்டர்ன் டாய்லெட். ஃப்ளஷ் கைப்பிடியை அழுத்தினார். தண்ணீர் சோம்பலாக இறங்கியதே தவிர அசுத்தம் போகவில்லை. அவரும் விடுவதாயில்லை. மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினார். ஒரு வாளி காலியாயிற்று. ஊற்றின தண்ணீர்தான் போயிற்று. அசுத்தம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மை அந்தப் பக்கம் வந்தார். மருதப்பன் எப்போதும் கேட்பதையே அப்போதும் கேட்டார். முக்கால்வாசிக் கோபம் கரைந்துவிட்டது, மிச்சமும் தீர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று.

அம்மை அதே வாளியை நிரப்பச் சொன்னார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியைத் தூக்கி ஒரே மூச்சில் கவிழ்த்தார். கோப்பை விளிம்புவரை ஏறி, ஒரு கணம் நின்று, எல்லாவற்றையும் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. அடியில் தெளிந்த தண்ணீர் நின்றது.

"நானும் ஒரு வாளிதானே ஊற்றினேன்" என்றார் மருதப்பன்.

"ஆமாம்."

அவர் காலி வாளியையும் தன் கையிலிருந்த மக்கையும் பார்த்தார். பிறகு மக்கைக் கீழே வைத்துவிட்டு, மகள் ஊருக்குப் பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார் அம்மை.

பையோடு அவர் விடைபெற வந்தபோது, அம்மை அதே கழிப்பறையில் ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். தண்ணீர் வரத்தை நிறுத்தும் மிதவையின் கம்பி வளைந்து தாழ்ந்திருந்ததால் தொட்டியில் அதுவரை தண்ணீர் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. அம்மை கம்பியை மேலே வளைத்துவிட்டிருந்தார். இப்போது தொட்டி நிறைந்திருந்தது.

மருதப்பன் தயங்கினார்.

"நான் போவது போவதுதான், அம்மா. ஆனால் அவள் கதவைச் சாத்திவிட்டால்?"

அம்மை கைப்பிடியை அழுத்தினார். தண்ணீர் வேகமாகப் பாய்ந்து கோப்பையைக் கழுவிக்கொண்டு போயிற்று.

"இப்போது நீங்கள் அழுத்துங்கள்."

அழுத்தினார். வெறும் சத்தம்தான் வந்தது.

"இன்னும் நிறையவில்லையே" என்றார்.

"அவளுக்கும் நேரம் பிடிக்கும் ஐயா. வாசலிலேயே உட்கார்ந்திருங்கள்."