ஒரு பானை விதைக்கம்பு

"என் பயத்தைப் பிடுங்கிப் போட்டுடுங்க, சாமி" என்றாள் சீனியம்மா.

செம்மணல் காட்டோரம் குடிசை போட்டிருந்த அந்தச் சாமி, அவளைவிடப் பத்து வயது இளைய பெண். ஊரில் யாருக்குத் தலை சுற்றினாலும் அங்கேதான் ஓடுவார்கள்.

"எதுக்குப் பயம், யக்கா?"

"மூணு வருஷம் கழிச்சு மழை பெஞ்சிருக்கு. ஊரே விதைச்சாச்சு. என் வீட்டுக்காரர் நாளைக்கு ஏர் பூட்டுறாரு. இருக்கிறது ஒரே பானை விதைக்கம்பு. அதுவும் கருகிட்டா பிள்ளைகளைக் கூட்டிட்டு எங்க போவேன்? நெனைச்சாலே ஈரக்குலை நடுங்குது."

"அவரு என்ன சொல்றாரு?"

"பயந்தாங்கொள்ளிங்கிறாரு. ஒரு பிடி கம்பை ஈரத்துணியில கட்டி வெச்சாரு. ரெண்டே நாள்ல முளை விட்டுடுச்சு. 'விதைக்கே பயமில்லை, உனக்கென்னடி'ன்னு சிரிக்கிறாரு."

சாமி சிரிக்கவில்லை. எழுந்து காட்டுக்குள் நடந்தாள். சீனியம்மா பின்னாலேயே ஓடினாள்.

ஒரு முட்செடியின் அடியில் சாமி குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். பெய்த மழை ஒரு விரற்கடைதான் இறங்கியிருந்தது. கீழே சுடுமண்.

ஒரு பிடி அள்ளி சீனியம்மாவின் கையில் போட்டாள். கொழுஞ்சி விதை, நெருஞ்சிக் காய், பேர் தெரியாத பொடி விதைகள்.

"நல்லாப் பாருங்க. ஒண்ணாவது முளைச்சிருக்கா?"

சீனியம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இல்லை.

"செத்துப்போச்சா, சாமி?"

"உயிரோடதான் இருக்கு. போன பெருமழைக்கு இங்க கால் வைக்க இடமில்லை, அவ்வளவு பச்சை."

"இந்த மழைக்கு?"

"அஞ்சு நாளாச்சு. இதுங்க நம்பலை."

சீனியம்மாவின் கையிலிருந்து விதைகள் சிந்தின.

"ஐயோ, அப்ப விதைச்சவங்க கதி?"

சாமி வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை. அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"கம்புக்கு மட்டும் ஏன் சாமி பயமில்லை?"

"அதுவும் ஒரு காலத்துல இப்படிக் காட்டுல கிடந்ததுதான். மனுஷங்க வீட்டுக்குக் கொண்டாந்தாங்க. தண்ணியைக் கண்டதும் எது சட்டுனு முளைச்சுதோ, அதையே எடுத்து எடுத்து வெச்சாங்க. பயந்த விதையெல்லாம் வெளியிலேயே நின்னுபோச்சு."

"இப்ப அதுக்காக யாரு பயப்படுறது?"

சீனியம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

வீட்டுக்காரர் மாடு கேட்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் பானையை ஒளித்தாக வேண்டும்.