கீழ்வீட்டில் கேட்ட சத்தம்

ஜெர்மனியில், பெயரைச் சொன்னால் அங்கிருப்பவர்கள் வருத்தப்படக்கூடிய ஒரு சின்ன ஊரில், தங்கமுத்து என்று ஒருவன் முதல் மாடியில் குடியிருந்தான். மனைவி வஞ்சிக்கொடி. நான்கு வயதில் இரட்டைப் பிள்ளைகள், யாழனும் துளிரும். எதிர்வீட்டில் அவனுடைய சிநேகிதர்கள் சென்னிமலையும் அவிநாசியும். மூவருக்கும் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். மூவருக்கும் லிஃப்டுகளுக்குக் கணினி நிரல் எழுதும் வேலை. லிஃப்டுகள் சொன்ன மாடியில் நின்றன. ஆகவே இவர்களை முட்டாள்கள் என்று யாரும் சந்தேகிக்கவில்லை.

தங்கமுத்துவின் வீட்டுக்கு நேர் கீழே லிண்ட்னர் அம்மாள் தனியாக இருந்தாள். வயது எழுபத்தெட்டு. அந்தக் கட்டடத்தின் விதிப்படி ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் சத்தம் போடக்கூடாது. இரட்டையருக்கோ தயிர்சாதம் உள்ளே போனதும் ஓடியாக வேண்டும். அதுவும் சரியாக ஒன்றிலிருந்து மூன்று வரை.

லிண்ட்னர் அம்மாள் புகார் எழுதினாள். குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. 'ஞாயிறு மதியம் குழந்தைகள் தரையில் ஓடக்கூடாது. இது முதல் புகார். மூன்றாவது புகார் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.'

வஞ்சிக்கொடி கடிதத்தைப் படித்து மடித்து வைத்தாள். "பதினாலு மாசம் காத்திருந்து பாலர் பள்ளியில ரெண்டு இடம் வாங்கியிருக்கறேன். இந்த விலாசம் போனா அதுவும் போச்சு. அப்புறம் நானும் புள்ளைகளும் ஊருக்குப் போயிருவோம். நீங்க லிஃப்டுலயே குடியிருங்க."

தங்கமுத்து உடனே சிநேகிதர்களைக் கூப்பிட்டான். அவிநாசி கடிதத்தை மூன்று முறை படித்தான்.

"என்ன போட்டிருக்குது? தரையிலதான ஓடக்கூடாது?"

"ஆமா மாப்ள. தரையிலதான்."

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் கட்டில்மேல் ஓடினார்கள். சோபாமேல் ஓடினார்கள். சாப்பாட்டு மேசைமேல் ஓடினார்கள். கால் தரையில் படவே இல்லை. மேசையின் கால் ஒடிந்தபோது பெரிய சத்தம் வந்தது. ஆனால் அது மேசை போட்ட சத்தம்.

இரண்டாவது கடிதம் வந்தது.

தங்கமுத்து ஒரு டப்பா முறுக்கோடு கீழே போய் மன்னிப்புக் கேட்டான். லிண்ட்னர் அம்மாள் நல்ல மாதிரி. ஒரு முறுக்கைக் கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "குழந்தைகளுக்கு அடியில் ஒரு கனமான கம்பளம் போடுங்களேன்."

கம்பளம் வாங்கினார்கள். கம்பளம் ஆறடி. கூடம் இருபதடி.

"புள்ளைகளுக்கு அடியிலன்னு தெளிவாச் சொல்லிட்டாங்க," என்றான் சென்னிமலை. "அதுக எங்க போகுதோ அங்க கம்பளமும் போகோணும்."

ஞாயிறு ஒரு மணிக்குத் தங்கமுத்து ஒரு முனையையும் சென்னிமலை மறுமுனையையும் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் ஓடினார்கள். அவிநாசி பக்கத்தில் ஓடிக்கொண்டே, "லெஃப்டு! லெஃப்டு! துளிர் திரும்பிட்டா!" என்று கத்தினான். மூவரும் சேர்ந்து இருநூற்று நாற்பது கிலோ. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு விளையாட்டைப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

இந்த முறை லிண்ட்னர் அம்மாள் புகார் எழுதவில்லை. கைத்தடியை ஊன்றி அவளே மேலே வந்தாள். "சத்தம் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பூங்காவுக்காவது போய்விடுவேன்."

அடுத்த ஞாயிறு ஒன்று ஐந்துக்குக் கீழே அழைப்புமணி அடித்தது.

"வணக்கம் அம்மா. ஐந்து நிமிடத்தில் துளிர் கரண்டியைக் கீழே போடுவாள்," என்றான் தங்கமுத்து.

ஒன்று பன்னிரண்டுக்குச் சென்னிமலை: "யாழன் அழுவான் என்று ஒரு சந்தேகம். உறுதியானதும் வந்து சொல்கிறோம்."

ஒன்று பதினைந்துக்கு அவிநாசி: "உறுதி."

மொத்தம் பதினாறு முறை மணி அடித்தது. பதினாறாவது முறை மூவருமே வந்தார்கள். "பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். இனி எந்தச் சத்தமும் வராது. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்."

லிண்ட்னர் அம்மாளின் தலைமுடி கலைந்திருந்தது. "ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை," என்றாள். "நீங்கள் மூன்று பேரும் என் வீட்டில் வந்து உட்கார்ந்து பாருங்கள். அப்போதுதான் தெரியும்!"

மூவரும் நெகிழ்ந்துபோய்ப் படியேறினார்கள்.

"இந்த ஊருல யாரும் யாரையும் வூட்டுக்குக் கூப்புட மாட்டாங்கன்னு சொன்னாங்களே மாப்ள," என்றான் சென்னிமலை.

"நாம பழகற விதத்துல இருக்குது," என்றான் தங்கமுத்து.

அடுத்த ஞாயிறு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாயும் டிபன் கேரியருமாகக் கீழே போய்விட்டார்கள். வாசலில் திகைத்து நின்ற லிண்ட்னர் அம்மாளை வஞ்சிக்கொடி கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். "இதுகளோட எதுக்குங்க மல்லுக்கட்டறீங்க? நீங்க வாங்க."

மூவரும் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"இப்ப என்ன பண்ணோணும்?"

"அந்தம்மா என்ன பண்ணுவாங்களோ அதை."

அவிநாசி அவளுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டான். கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒன்று நாற்பதுக்கு மேலே 'டொக்' என்றது. பிறகு 'டொக், டொக்.' மேலே நடந்தது வேறொன்றுமில்லை. டீக்கு இஞ்சி தட்ட வஞ்சிக்கொடி சின்ன உரலை எடுத்திருந்தாள். லிண்ட்னர் அம்மாள் அதை வாங்கித் தானும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது. ரெண்டு மணி நேரம் மனுசன் நிம்மதியா இருக்க முடியுதா?" தங்கமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. லிண்ட்னர் அம்மாளின் வேதனை அவனுக்கு அன்றுதான் விளங்கியது. "எப்படித்தான் பொறுத்துக்கிட்டாங்களோ பாவம்!"

"பொறுத்துக்கல மாப்ள. எழுதிப் போட்டாங்க," என்றான் அவிநாசி.

மேசைமேல் புகார்ப் படிவம் இருந்தது, பக்கத்திலேயே பேனாவும். நல்ல ஜெர்மன் மொழியில் எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். மேல்வீட்டுக்காரனின் பெயரை எழுத வேண்டிய இடத்தைத் தங்கமுத்துவே நிரப்பினான். அவனுக்குத்தான் அது எழுத்துப்பிழை இல்லாமல் தெரியும். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேலே போனார்கள்.

துளிர் லிண்ட்னர் அம்மாளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாளின் கையில் இஞ்சி டீ. "இனி நான் புகாரே எழுதப்போவதில்லை," என்றாள் அவள்.

"நீங்கள் எதற்கு எழுத வேண்டும்?" என்றான் தங்கமுத்து பணிவாக. "அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாமென்று நாங்களே எழுதிப் போட்டுவிட்டோம்."

வியாழக்கிழமை நிர்வாகத்தின் பதில் வந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உள்ளே வஞ்சிக்கொடி பெட்டிகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

"நாலே நாள்ல நடவடிக்கை எடுத்துட்டாங்க பாரு," என்றான் சென்னிமலை. "நம்மூரா இருந்தா நடக்குமா?"

தங்கமுத்துவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"அந்த மேல்வீட்டுக்காரனுக்குச் சின்னதா ரெண்டு புள்ளைக மாப்ள. அதுகளை வெச்சுக்கிட்டு அவன் எங்க போவான்?"

"அதை அவன் முதல்லயே யோசிச்சிருக்கோணும்," என்றான் அவிநாசி.