குடைக்குப் பின்னால் நின்ற தேர்

செம்மண்கோட்டை அரசர் மகுடேசருக்குப் பெருமை இரண்டு. ஒன்று அவருடைய முறுக்கு மீசை. மற்றொன்று, கோட்டையிலிருந்து துறைமுகம் வரை அவர் போட்ட சாலை. அதில் எந்த வண்டியும் நாலுகால் பாய்ச்சலில்தான் போக வேண்டும் என்பது ஆணை. மெதுவாகப் போகிறவனுக்குப் பாதி மீசை போய்விடும். அதற்கென்றே கோட்டை வாசலில் ஒரு நாவிதர் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

வெயில் காலத்தில் வம்பில்லை. மழை பிடித்ததும் வந்தது வினை. சாலை நடுவில் ஒரு செம்மண் சரிவு. நனைந்தால் அப்படி வழுக்கும். மீசைக்குப் பயந்து பாய்ந்தவர்கள் கைகால் முறிந்து கிடந்தார்கள். அரசவையில் வாய்ச்சாமர்த்தியத்துக்குப் பேர்போன அம்பலவாணனின் மைத்துனனும் அவர்களில் ஒருவன். அவன் முனகலைக் கேட்டுவிட்டு நேரே சபைக்கு வந்தான் அம்பலவாணன்.

"மகாராஜா, மழை நாளில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போகலாமா?"

தளவாய் ரணசிங்கம் துள்ளி எழுந்தார். "மேகம் கறுத்தால் அரசர் வாக்கு மாறுமோ? நன்றாயிருக்கிறது!"

அரசருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆணையில் ஓர் எழுத்தும் மாறாது. ஆனால் அந்தச் சரிவில் இனி ஒருவனும் விழக் கூடாது. அது உன் பொறுப்பு, அம்பலவாணா. தோற்றால் உன் மீசை முழுசும் போகும்."

அம்பலவாணன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அரும்பாடுபட்டு வளர்த்தது.

"அரண்மனையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா, பிரபு?"

"எடுத்துக்கொள், போ."

அவன் கேட்டது ஒரு குடை. மழைக்காலத்தில் குடை கேட்பவனை யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் அவன் எடுத்தது அரசரின் வெண்குடை. அந்த நாட்டில் குடை எங்கே போகிறதோ அங்கே அரசரே போவதாகக் கணக்கு. திருவிழாவுக்கு அரசர் வர முடியாவிட்டால் குடை வரும், மாலை குடைக்கு விழும். அதை முந்திப் போவது ராஜத்துரோகம்.

மறுநாள் தூறல். வெண்குடை குதிரையேறிச் சாலையில் மெல்ல ஓடியது. மழை வலுத்த நாளில் யானைமேல் அசைந்து போனது. கொட்டித் தீர்த்த நாளில், வழுக்கலுக்குப் பயந்து கால்விரல் ஊன்றி நடக்கும் குடைக்காரர் முத்திருளர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார். பின்னால் வண்டிகள் வாலாக நீண்டன. வைத்தியருக்குப் பொழுது போகவில்லை.

ஒரு நாள் வானமே பொத்துக்கொண்டது. அன்று பார்த்து அரசரின் மாமனார் கப்பலில் வந்து இறங்குகிறார் என்று சேதி. அரசரும் தளவாயும் மூடுதேரில் பறந்தார்கள். சரிவுக்குச் சற்று முன்னால் தேர் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், ஊர் வண்டியெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது. நடுவில் அம்பலவாணனின் வண்டியும் இருந்தது.

"எவனடா என் வழியை மறிப்பவன்?" என்று அரசர் கத்தினார். "பாயாமல் போகிறவன் மீசையை எடு!"

தளவாய்க்கு வாயெல்லாம் பல். கோட்டை வாசலிலேயே தேரின் பின்னால் ஏற்றி வந்திருந்த நாவிதரை இறக்கிவிட்டார். "அம்பலவாணன் மீசையிலிருந்து ஆரம்பி!"

அம்பலவாணன் கைகூப்பினான். "நாங்கள் பாயத் தயார், பிரபு. முன்னால் போகிறவர் பாயவில்லையே. அவரை முந்தினால் தலையே போய்விடும்."

"யார் அவன், அவ்வளவு பெரிய ஆள்?"

"தாங்களே வந்து பாருங்கள்."

அரசர் தேரைவிட்டு இறங்கிச் சரிவில் கால் வைத்தார். வைத்த கால் நிற்கவில்லை. அம்பலவாணன் தாவிப் பிடித்திருக்காவிட்டால் மகுடேசர் பள்ளத்தில் கிடந்திருப்பார். சேறும் சகதியுமாக நிமிர்ந்து பார்த்தார். எதிரே, வெண்குடையோடு முத்திருளர் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அது... என் குடை."

"குடை என்றால் தாங்கள்தானே, பிரபு? முன்னால் நடப்பது மகாராஜா. பின்னால் நிற்பது எங்கள் பக்தி."

நாவிதர் குழம்பிப்போனார். தீட்டிய கத்தியோடு தளவாயைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கடைசியில் அரசரிடம் வந்து பவ்யமாகக் கேட்டார்: "பாயாமல் போனவருக்குத்தானே ஆணை? மகாராஜாவுக்கு எந்தப் பக்கத்து மீசையை எடுக்கட்டும்?"

அரசரின் இரண்டு கைகளும் சட்டென்று மீசைக்குப் போயின. அடுத்த கணம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மழை நாளில் குடை போகும் வேகம்தான் இனிச் சாலையின் வேகம்!" என்றார், மீசையிலிருந்து கையை எடுக்காமலே. "அம்பலவாணனுக்கு என் முத்துமாலையைக் கொடுங்கள். முதலில் அந்தக் கத்தியை வாங்கி உள்ளே வையுங்கள்!"