சட்டை இல்லாத முட்டை

"அப்பா, இந்த முட்டையோட சட்டையை யாரு கழட்டினாங்க?"

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு குழந்தை இப்படிக் கேட்டது. எந்த நாட்டில் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கடலோரத்தில் இருந்த ஒரு நாடு. அதற்கு ஒரு ராஜா. நல்லவர்தான்; ஆனால் மனத்துக்குள் ஓர் ஆசை புகுந்துவிட்டால் அது தீரும்வரை வேறு எதுவும் அவர் கண்ணில் படாது. கேட்ட குழந்தை அவருடைய மகள்.

அந்தச் சமயம் ராஜாவைப் பிடித்திருந்த ஆசை ஒரு மண்டபம். அதன் சுவரைப் பார்த்து நிலாவே கூச வேண்டும், அவ்வளவு வெண்மை. எதிரில் நின்றால் முகம் தெரிய வேண்டும், அவ்வளவு வழவழப்பு. அதைக் கட்டும் பொறுப்பு சூரநாதர் என்ற அதிகாரியிடம் இருந்தது.

சூரநாதர் கெட்டவர் இல்லை. விடியுமுன் குளித்து, சாமி கும்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்து நிற்பார். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்பாக நீற்றி, அரைத்து, அதில் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் நாள் முழுக்கத் தேய்த்தால்தான் அந்த மினுமினுப்பு வரும். ஆகவே கடற்கரையில் காவல் போட்டார். ஒரு கிளிஞ்சலைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. கோழி வளர்க்கும் வீடுகள் எல்லாம் முட்டை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வெள்ளைக்கருவை எடுத்த பிறகு மிஞ்சும் ஓடும் சூளைக்கே போயிற்று.

அவர் நெஞ்சில் ஒரே ஒரு முள் இருந்தது. அந்த முள்ளின் பெயர் அம்பலவன், அரசவை விகடகவி. சூரநாதர் மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு சுவரை முடித்துக் காட்டினால், ராஜா "நன்று" என்பார். அம்பலவன் வாயைத் திறந்து ஏதோ ஒன்று சொன்னால், ராஜா விழுந்து விழுந்து சிரித்து அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு போவார். சூரநாதருக்குச் சிரிக்கவைக்கத் தெரியாது. முயன்று பார்த்ததும் இல்லை.

அன்று ராஜா மகளோடு வேலையைப் பார்க்க வந்திருந்தார். பெண்கள் வரிசையாக நின்று முட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயி என்ற பெண்ணின் கூடையில் குழந்தை கைவைத்தது. விரல் பட்ட இடம் குழிந்தது. ஓடே இல்லை, வெறும் தோலுக்குள் முட்டை தளதளவென்று ஆடியது. அப்போதுதான் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டது.

சூரநாதருக்கு முகம் சிவந்துவிட்டது. "மகாராஜா, இது ஏமாற்று வேலை. ஓட்டை எப்படியோ எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை அரண்மனைக்குக் கொடுக்கிறாள்."

"ஐயோ சாமி, ஓட்டை எடுத்து நான் என்ன செய்யப்போறேன்?" என்றாள் காத்தாயி. "கொஞ்ச நாளா அதுங்க இப்படித்தான் தோல் முட்டை போடுது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. படுத்த படுக்கையா ஒருத்தர் வீட்டில இருக்கார். இந்தக் கோழிங்களை வச்சுத்தான் எங்க ரெண்டு பேரு வயிறும்."

"மற்றவர்கள் யாருக்கும் இல்லாத அதிசயம் உனக்கு மட்டுமா?" என்றார் சூரநாதர். வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

ராஜாவுக்கு ஒரு வேடிக்கை தோன்றிவிட்டது. "என் மகள் கேட்டதற்குப் பதில் வேண்டும். ஓட்டைத் திருடியவன் எவனாயினும் கயிற்றால் கட்டி என் முன் காட்ட வேண்டும்."

சூரநாதர் கைகூப்பினார். "அதற்கு அம்பலவனைவிடத் தகுந்தவர் யார், மகாராஜா? பௌர்ணமிக்குள் பிடித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் இவளே திருடி என்று முடிவு செய்து, கோழிகளை எடுத்துக்கொள்ளலாம். அம்பலவனும் வேறு நாடு பார்த்துக்கொள்ளலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அம்பலவன் காத்தாயியின் கூடையைப் பார்த்தான். "உத்தரவு, மகாராஜா. திருடன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் கட்டலாம் அல்லவா?"

"எவ்வளவு பெரியவனானாலும்!"

அதற்குப் பிறகு அம்பலவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவர சூரநாதர் ஆள் அனுப்பினார். போன காவலாள் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"கோழி பின்னாலேயே நடக்கிறாரு ஐயா. அது நின்னா நிக்கிறாரு. அது கொத்தினா குனிஞ்சு பாக்குறாரு."

"என்னத்தைக் கொத்துகிறது?"

"கோயில் மதில்சுவரை, ஐயா. வெள்ளையடிச்ச இடமாப் பாத்துக் கொத்துது."

சூரநாதர் உதட்டைச் சுழித்தார். அவன் தோற்றது உறுதி என்று தோன்றிவிட்டது. அந்தத் தைரியத்தில், கெடு முடியும்வரை காத்திருக்காமல், காவலாளை மறுபடி அனுப்பிக் காத்தாயியின் கொல்லையிலிருந்து ஒரு செவலைக் கோழியைப் பிடித்துவரச் சொன்னார். அது அவர் வீட்டு அடுப்பங்கரைக்குப் போயிற்று. எப்படியும் பறிபோகப்போகிற கோழி. நாலு நாள் முன்னால் போனால் என்ன என்று அவர் நினைத்தார். மனிதன் தன் மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களில் இதுபோல எளிதானது வேறு இல்லை.

பௌர்ணமியன்று காலையில் அம்பலவன் அவரிடமே வந்து நின்றான்.

"சூரநாதரே, ஓர் உதவி. திருடனைப் பிடிக்கக் காத்தாயியின் கோழிகளை மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டும். அனுமதி தருவீர்களா?"

"என் மண்டபத்திலா? கோழிகளா?" சட்டென்று சூரநாதருக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்தப் பளிங்கு போன்ற தரையில் ராஜாவின் கண்ணெதிரே கோழி எச்சம் விழுந்தால் அம்பலவன் கதை அதோடு முடிந்தது. "தாராளமாகக் கொண்டுவாரும்."

"உங்களுக்குப் பெரிய மனசு" என்று அம்பலவன் கும்பிட்டான். கேலியாகத் தெரியவில்லை. அதுதான் சூரநாதருக்கு என்னவோ போல் இருந்தது.

ராஜா வந்தார், குழந்தை வந்தது, முட்டை கொடுக்கும் பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மண்டபத்தின் கடைசித் தூணைச் சுற்றித் தடித்த வடக்கயிறு ஒன்று, ஓடிப்போகிறவனைக் கட்டியதுபோல, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"திருடன் எங்கே?" என்றார் ராஜா.

"கட்டியிருக்கிறேனே, மகாராஜா! உங்கள் முன்னால் நிறுத்தலாம் என்றுதான் இழுத்துப் பார்த்தேன். ஆள் கொஞ்சம் கனம். அதனால் உங்களை அவன் முன்னால் நிறுத்தவேண்டியதாயிற்று."

குழந்தை கலகலவென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "தூண் எப்படியப்பா திருடும்?"

"என் வார்த்தை எதற்கு? சாட்சிகள் வந்திருக்கிறார்கள்."

அம்பலவன் கோழிகளை மூடியிருந்த மூங்கில் பஞ்சாரத்தைத் தூக்கினான். உள்ளே இருந்த கோழிகள் கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தன. அவன் ஒரு பக்கம் கம்பு தானியத்தை இறைத்துவைத்திருந்தான். அவை தானியத்தைத் திரும்பிப் பார்க்காமல் அந்தத் தூணை நோக்கி ஓடின. தூணில் முதல் பூச்சு மட்டும் காய்ந்திருந்தது. இன்னும் கல்லால் தேய்க்கவில்லை. அந்தச் சொரசொரப்பான காரையை அவை டக்டக்கென்று கொத்தத் தொடங்கின. உதிர்ந்த பொடியைச் சண்டைபோட்டுக்கொண்டு தின்றன.

"விரட்டு! விரட்டு!" என்று சூரநாதர் அங்கவஸ்திரத்தை வீசினார். ஒரு கோழி பறந்து ஒதுங்கி, அவர் காலுக்கு இடையில் புகுந்து, மறுபடி தூணுக்கே வந்தது.

"விடுங்கள் ஐயா. தங்கள் பொருளைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன" என்றான் அம்பலவன். பிறகு ராஜாவின் பக்கம் திரும்பினான். அவன் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. "மகாராஜா, கோழி ஓட்டை வயிற்றுக்குள் சும்மா உண்டாக்கிவிட முடியாது. கிளிஞ்சல் தின்ன வேண்டும். கடற்கரையில் பெண்கள் ஒரு பிடி அள்ளிவந்து இடித்துப் போடுவார்கள். இல்லையென்றால் பழைய முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவார்கள். இப்போது கிளிஞ்சலும் இங்கே வந்துவிட்டது, ஓடும் இங்கே வந்துவிட்டது. கோழி முட்டை போடாமல் இருக்குமா? தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. சட்டை இல்லை, தோலோடு கொடுத்தது. குழந்தை தேடிய சட்டையை இந்த மண்டபம் போட்டுக்கொண்டு நிற்கிறது."

பிறகு சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டிலயும் தோல் முட்டைதான் சாமி. பயந்துக்கிட்டு மறைச்சிட்டோம்."

"நானும்தான். வெளியூருல கடன் வாங்கில்ல நல்ல முட்டை கொண்டாந்தேன்!" என்றாள் இன்னொருத்தி. "காத்தாயிக்குத்தான் மறைக்கத் தெரியல."

ராஜாவின் முகம் கறுத்தது. "சூரநாதரே, ஒரு பிடி கிளிஞ்சலுக்குக் காவல் போட்டவர் நீர். உண்மை பேசியவளைத் திருடி என்றவரும் நீர். அந்தக் கயிற்றிலேயே உம்மையும் சேர்த்துக் கட்டச் சொல்லட்டுமா?"

சூரநாதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய சுவரில் தன் முகமே தெரிந்தது. பார்க்க முடியவில்லை.

"வேண்டாம் மகாராஜா, கயிறு போதாது" என்றான் அம்பலவன்.

"ஏன்? அவ்வளவு பருமனா அவர்?"

"அவரைக் கட்டினால், 'நிலா கூசும்படி வெண்மை வேண்டும்' என்று அவரிடம் சொன்னவரையும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். அவ்வளவு நீளக் கயிறு இந்த நாட்டில் திரிக்கப்படவில்லை. அவர் உங்கள் ஆசையைத் தன் ஆசையாக நினைத்து உழைத்தார். கண் சுவரிலேயே இருந்துவிட்டது. கோழி கீழே நின்றது, தெரியவில்லை."

ராஜா அவனை முறைத்தார். முறைப்பு தாங்கவில்லை, மீசை துடித்தது, பிறகு மண்டபமே எதிரொலிக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவனுக்குப் போட்டார்.

"இதுவும் சிப்பி வயிற்றிலிருந்து வந்ததுதான், மகாராஜா. கோழி கண்ணில் படாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே" என்றான் அவன். ராஜா மறுபடி சிரித்தார். அன்றே கடற்கரைக் காவல் எடுக்கப்பட்டது. சூளைக்கு வந்து குவிந்திருந்த கிளிஞ்சல் வீடு வீடாகப் போயிற்று. கடைசித் தூண் அப்படியே சொரசொரப்பாக நின்றுவிட்டது.

எல்லோரும் கலைந்த பிறகு காத்தாயி "பா, பா, பா" என்று கோழிகளைப் பஞ்சாரத்துக்குள் சேர்த்துக்கொண்டிருந்தாள். சூரநாதர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் வந்துவிட்டதா?"

"வந்துருச்சு சாமி." அவள் நிமிரவில்லை. "செவலை ஒண்ணுதான். அது போனது போகட்டும் சாமி. ராஜாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலியே."

அவள் அதைச் சொல்லாமல் இருந்தது பயத்தாலா, இரக்கத்தாலா என்று அவருக்கு விளங்கவில்லை. அன்று இரண்டு பேர், ஒருவர் பேசியும் ஒருவர் பேசாமலும், அவரைக் காப்பாற்றியிருந்தார்கள். ஒருவன், அவர் வெறுத்தவன். இன்னொருத்தி, அவர் வீட்டு அடுப்பில் வெந்த கோழிக்குச் சொந்தக்காரி.

தேர்த் திருவிழா வந்தது. தெரு முழுவதும் தேர் பார்க்கப் போய்விட்டது. காத்தாயியும் புருஷனைக் கட்டை வண்டியில் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அந்த வெயிலில் சூரநாதர் அவள் கொல்லை வேலியைத் தாண்டி வந்தார். அங்கவஸ்திரத்துக்குள் ஓர் இளம் செவலை வெடைக்கோழி திமிறிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் கோழியைத் தூக்கி அறியாதவர். வழியிலேயே அது அவர் வேட்டியைப் பாழாக்கியிருந்தது.

இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தார். தன் கையாலேயே இடித்த கிளிஞ்சல் பொடி. அதைத் தரையில் தூவி, கோழியை அதன் நடுவில் விட்டு, புது இடத்தில் மிரண்டு ஓடிவிடாமல் பஞ்சாரத்தைக் கவிழ்த்தார். அது மூங்கில் இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது.

"யாராவது கேட்டால்," என்று அவர் குனிந்து அதனிடம் மெல்லச் சொன்னார், "அரண்மனை வேலை பிடிக்காமல் ஓடிவந்துவிட்டேன் என்று சொல்."

அவர் தம் வாழ்நாளில் சொன்ன முதல் விகடம் அதுதான். கேட்டுச் சிரிக்க அங்கே யாரும் இல்லை.