டயர் கடை தாவீதோட இடது கை

குரு, சிஷ்யன்னதும் ஆலமரமும் தாடியும் வரும்னு கண்ணை மூடிட்டீங்களா? திறங்க. இது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற சித்த வைத்தியசாலை. குரு பிச்சாண்டிக்குத் தாடியே முளைக்காது. சிஷ்யன் ஏகாம்பரம் அவரைவிட ரெண்டு வயசு மூத்தவன்.

அன்னிக்கு ஏகாம்பரத்துக்கு வயிறு எரிஞ்சுது. அதுக்கு அவங்க கடையில மருந்து இல்ல. நாலு மாசம் முந்தி சேர்ந்த செங்கமலத்தைக் குரு தன் பக்கத்து ஸ்டூல்ல உட்கார வெச்சுட்டார்.

"பன்னண்டு வருஷமா நாடி பிடிக்கிறேன் ஐயா. என்கிட்ட இல்லாதது அவகிட்ட என்ன இருக்கு?"

பதில் வர்றதுக்குள்ள டயர் கடை தாவீது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்து பெஞ்சுல சாஞ்சார். சட்டையெல்லாம் வேர்வை.

"நீயே பாரு"ன்னார் குரு.

சும்மா பார்ப்பானா? செங்கமலத்துக்கு நல்லா தெரியற மாதிரி திரும்பி உட்கார்ந்தான். ஒத்தைக் கண்ணை மூடினான். தாவீதோட வலது கையைப் பிடிச்சு, கச்சேரி கேக்கறவன் மாதிரி தலையை ஆட்டினான்.

"ஜோரா ஓடுது. வெறும் வாயு."

"வாயு இல்லீங்க... டயரைத் தூக்கினேன். பட்டுனு நெஞ்சுக்குள்ள துணி கிழிஞ்ச மாதிரி... இப்ப முதுகுக்குப் போயிடுச்சு..."

குரு போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். செங்கமலம் தாவீதோட இடது கையைத் தொடப் போனா. ஏகாம்பரம் தட்டி விட்டான்.

"ஆம்பளைக்கு வலது கைதான் தாயி! நாலு மாசத்துல இதுகூடவா தெரியல?"

"இடது கையையும் பாரு"ன்னார் குரு, போன்ல இருந்தபடியே.

பிடிச்சான். விரலை மாத்தி மாத்தி வெச்சான். நூல் மாதிரி ஏதோ துடிச்சுது. அதுவும் நழுவிப் போச்சு.

"நாடி இல்லையாண்ணே?"ன்னா செங்கமலம்.

ஏகாம்பரம் விரலை இன்னும் அழுத்தினான். 'இல்ல'ன்னா அவ ஜெயிச்சுடுவாளே!

குரு தானே வந்து ரெண்டு கையையும் ஒண்ணா பிடிச்சார்.

"கஷாயம் எதுவும் கொடுக்காதீங்க. செங்கமலம், நீ கூடப் போ. நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்குமோன்னு சந்தேகம்னு சொல்லு. ரெண்டு கையிலயும் பிரஷர் பார்க்கச் சொல்லு."

ஆம்புலன்ஸ் வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.

"நான் முறைப்படிதானே பார்த்தேன் ஐயா?"

"நான் போன்ல இருந்தேன். பார்த்தவங்களைக் கேளு."

மூட்டுவலிக்கு எண்ணெய் தடவிக்கிட்டு மூலையில உட்கார்ந்திருந்த சொர்ணம்மா பட்டுனு சொன்னா: "நீ எங்கய்யா பார்த்த? அந்த மனுசன் கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணு மூஞ்சியைத்தான பார்த்துக்கிட்டிருந்த!"