கொம்பையா வண்டிக்குத் துரு எடுத்த கதை

உப்பங்காட்டு ஆட்களைத் தெரியுமில்லையா? மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே கிளம்புகிறவர்கள். அந்த ஊரில் கொம்பையா கொஞ்சம் விவரமானவன் என்று பேர். பூட்டின சாவியும் நனையக் கூடாதே என்று யோசிக்கிற அளவுக்கு விவரம்.

அவனிடம் அப்பா காலத்துப் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. நீள மூக்கு, உருண்டைக் கண். உப்பளத்து உப்பை ஏற்றி ஏற்றி உடம்பு பூராவும் துரு. தட்டினால் கை நிறைய உதிரும். அதனால் யாரும் தட்டுவதில்லை.

அந்த வண்டியை நம்பித்தான் அவன் கல்யாணமே இருந்தது. பெண் சொர்ணவல்லி, பக்கத்து ஊர். கோயில் கொடைவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்தான், அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் அப்பா சிவனணைந்த பெருமாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "சொந்த வண்டி உள்ள மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு. வெள்ளிக்கிழமை வண்டியோட வாங்க. ஆனா துருப்பிடிச்ச தகரத்துல எம் மகளை ஏத்த மாட்டேன்."

கொம்பையா அன்றைக்கே வேலையில் இறங்கினான். தங்கச்சி மாப்பிள்ளை தவசியையும், ஊருக்கே யோசனை சொல்லுகிற லிங்கதுரை அண்ணனையும் கூப்பிட்டான்.

லிங்கதுரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"இது துரு இல்லலே. செவப்பு செவப்பாப் பொரிஞ்சிருக்கு பாரு. ஆத்தா இறங்கியிருக்கா."

"வண்டிக்கு அம்மை போடுமாண்ணே?" என்றான் கொம்பையா.

"ஏன் போடாது? ஓடினா உடம்பு சுடுதுல்லா?"

பானட்டில் வேப்பங்குலை கட்டினார்கள். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ப் பண்டம் ஆகாதே, எஞ்சின் ஆயிலைச் சுத்தமாக வடித்துவிட்டார்கள். சூடு தணியட்டும் என்று தவசி ரேடியேட்டரில் இளநீர் ஊற்றினான். கடைசியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊற்ற வேண்டும். நல்ல தண்ணிக்கு எங்கே போவது? உப்பளத்துத் தண்ணியைக் குடம் குடமாகச் சுமந்து வந்து கூரையிலிருந்து ஊற்றினார்கள்.

மறுநாள் காலையில் முன்பக்க பம்பர் தானாகக் கீழே விழுந்து கிடந்தது.

"ஆத்தா இறங்கிப் போறா, அதுக்கு அடையாளம்" என்றார் லிங்கதுரை.

கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. ரோட்டோரப் பட்டறை மிக்கேல் அண்ணாச்சியைக் கூட்டி வந்தான். அவர் வேப்பிலையைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், வெகுநேரம் வானத்தைப் பார்த்தார்.

"ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் பெயிண்ட் ஒட்டாது" என்றார். "பூராத்தையும் சுரண்டி வையுங்க. வியாழக்கிழமை பெயிண்டோட வாரேன்."

மூன்று பேரும் அரம், கொத்துக்கரண்டி, தோசைக்கரண்டி சகிதம் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே தவசி கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டினான். கை இந்தப் பக்கம் வந்தது.

"மச்சான், ஓட்டை விழுந்துட்டே."

கொம்பையா பதறிப்போனான். லிங்கதுரை பதறவில்லை. "ஓட்டையில துரு இருக்கா பாரு" என்றார்.

தவசி உற்றுப் பார்த்தான். "இல்லண்ணே."

"ஓட்டையைச் சுத்தி?"

"அங்கன பூரா துருதான்."

"பிறகென்ன? வண்டியிலேயே சுத்தமான இடம் அந்த ஓட்டைதான். அதை அப்படியே பெருசாக்கிட்டுப் போ."

கொம்பையாவுக்கு நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. எங்கே சுரண்டினாலும் சுத்தமான இடம் வந்துகொண்டே இருந்தது. கதவு சுத்தமானது, கூரை சுத்தமானது, பின்னால் உப்பு ஏற்றுகிற தொட்டி பூராவும் சுத்தம். அடிச்சட்டமான சேசிஸ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதையும் விடவில்லை.

வியாழக்கிழமை மிக்கேல் அண்ணாச்சி பெயிண்ட் டப்பாவோடு வந்தார். வண்டி நின்ற இடத்தில் சாக்குச் சாக்காகத் துரு, ஒரு ஸ்டியரிங், நாலு டயர், தரையில் எஞ்சின்.

"ஒரு பொட்டு இருந்தாச் சொல்லுங்க, அண்ணாச்சி" என்றான் கொம்பையா. பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

அண்ணாச்சி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போனார். வாங்கின பெயிண்ட் வீணாகக் கூடாதென்று ஸ்டியரிங்குக்கு நீலம் அடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். கொம்பையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் நடந்தான். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு டயரை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எஞ்சினைத் தூக்க ஆள் பத்தவில்லை. "டீசல் மிச்சம்" என்றார் லிங்கதுரை.

பெண் வீட்டு வாசலில் கொம்பையா பிரேக் போட்டான். சிவனணைந்த பெருமாள் வெளியே வந்து மேலும் கீழும் பார்த்தார். கொம்பையா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இவர் இல்லையென்றுவிட்டால் சொர்ணவல்லியை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

"துரு எடுத்தாச்சா?"

"தடவிப் பாருங்க, மாமா."

அவர் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் நடுவில் கையை நீட்டி நிதானமாகத் தடவினார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பொட்டு ஒட்டவில்லை.

"சத்தமும் இல்லாமத்தான் வந்தீங்க" என்றார். "எனக்குச் சம்மதம். பொண்ணுக்கும் வண்டி பிடிக்கணும்லா? தெருவுல ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க."

சொர்ணவல்லி வந்தாள். மேலே இடித்துவிடாமல் தலையை நன்றாகக் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து ஏறி, அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். கொம்பையா கையை எட்டிக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினான்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அவள் மெதுவாக. "சேலை முந்தி கதவுல மாட்டிக்கிட்டு."

கொம்பையா வண்டியை ஓரங்கட்டினான். கதவைத் திறந்து, அவள் முந்தியை உள்ளே எடுத்துவிட்டு, இந்தத் தடவை பார்த்து மெதுவாகச் சாத்தினான்.